மூலைக் கூண்டுக்காரிக்குக் கொடுக்காத மருந்து

வாரத்தில் ஆறு நாள் எனக்குக் கிருமிகளோடு வேலை. ஏழாவது நாளாவது கையைக் காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தால், என் வீட்டுக்காரர் முயல் வளர்க்கத் தொடங்கினார்.

குகட்பள்ளியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சளி, சிறுநீர், சீழ், ரத்தம், எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவேன். கிருமியைப் பற்றி வீட்டில் யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன். அவ்வளவு சலித்துப்போன விஷயம் அது எனக்கு.

அவர் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தவர். ஐம்பதை நெருங்கும்போது வேலை போயிற்று. போன விதத்தை விவரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் ஒரு மீட்டிங் என்று போனார், மாலையில் அட்டைப்பெட்டியோடு வந்தார், அவ்வளவுதான். அதன் பிறகு பல மாதம் சோபாவிலேயே கிடந்தார். டிவி ஓடும், ஆனால் பார்க்க மாட்டார். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, மேட்சல் பக்கம் யாரோ விட்டுவிட்டுப் போன கோழி ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து முயல் பண்ணை வைக்கப் போவதாகச் சொன்னார்.

"முயலா?" என்றேன்.

"ஹவ், முயல்தான். கைக்கு இப்படி முழிக்கிறே? ஊர்ல கோழி வளர்க்கிறான், ஆடு வளர்க்கிறான். நான் முயல் வளர்த்தா தப்பா?"

அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் ரயில்வே காலனி. உற்சாகம் வந்தாலும் கோபம் வந்தாலும் தமிழுக்குள் இப்படி ஹைதராபாத் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வருடம் அவர் பேசுவதில் பாதி புரியாது; 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம் என்று போகப் போகத்தான் பிடிபட்டது. அன்றைக்கு எல்லாமே புரிந்தது. மனிதர் சோபாவை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. யானை வளர்க்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன்.

எங்களுடையது கறிப் பண்ணை இல்லை. நல்ல பெட்டைகளையும் கிடாக்களையும் வளர்த்து, புதிதாகப் பண்ணை வைப்பவர்களுக்கு இனவிருத்திக்குக் கொடுப்பது. அதனால் எங்கள் தாய் முயல்கள்தான் பண்ணையே. முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் பிரிய முடியாது என்று அவர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சட்டம் போட்டார். போட்டவரே முதலில் மீறினார். கடைசி வரிசையின் கோடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டையை 'மூலைக் கூண்டுக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேட்டால், "அது பேரு இல்ல, அட்ரஸ்" என்பார்.

முயல் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்த ஒரு விஷயம் உண்டு. தாய் முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டே கிடப்பதில்லை. தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி, கூண்டோடு வைத்திருக்கும் பெட்டிக்குள் மெத்தை போட்டுக் குட்டி போடும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில், பெட்டிக்குள் குதித்து, சில நிமிடம் நின்றபடியே பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். மறுநாள் வரை திரும்பிப் பார்க்காது. வேலைக்குப் போகிற அம்மாக்களை வாய்க்கு வந்தபடி பேசுகிற எங்கள் காலனிக்காரர்களை ஒரு நாள் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெட்டியின் கதவைக் காலையில் திறந்துவிட்டு, பால் கொடுத்து முடித்ததும் மூடுவது எங்கள் வேலை. தினமும் அவர் போவார். எனக்கு மதிய ஷிப்ட் இருக்கும் நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டியின் பின்னால் தூங்கி வழிந்துகொண்டு நானும் போவேன்.

பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து பெட்டைகளை ஒரே நாளில் இணை சேர்ப்பார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குட்டி போடும். ஒருத்திக்குக் குட்டி அதிகமாகவும் இன்னொருத்திக்குக் குறைவாகவும் இருந்தால் அங்கிருந்து எடுத்து இங்கே வைத்துச் சமப்படுத்துவார்கள். ஒரு தாய் செத்துப்போனால் அதன் குட்டிகளையும் அப்படியே பிரித்துக் கொடுப்பார்கள். மாற்றான் குட்டி என்று வாசனை பிடித்து ஒதுக்கிவிடாமல் இருக்கக் குட்டிகள் மேலும், தாயின் மூக்கிலும் கொஞ்சம் பவுடர் பூசுவார்கள். என் மகள் வாங்கிப் பிடிக்காமல் போட்ட ரோஜா வாசனைப் பவுடர் டப்பா ஒன்று ஷெட்டில் இருந்தது. முயல் மூத்திர வாடையும் ரோஜா வாசனையும் கலந்து வரும். அதைச் சகித்துக்கொள்ளத் தனி மூக்கு வேண்டும்.

மூலைக் கூண்டுக்காரிக்கு மட்டும் பவுடரே தேவைப்படவில்லை. யார் குட்டியை வைத்தாலும் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் கொடுக்க நின்றுவிடுவாள். அவளிடம் விட்ட குட்டி செத்ததாகச் சரித்திரமே இல்லை. "இவ ஒருத்தி போதும், பண்ணை நடந்துடும்" என்பார் அவர். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய களை வரும். அதற்காகவே எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

மழைக்காலத்தில் நடு வரிசையில் ஒரு பெட்டைக்கு மடி வீங்கியது. தொட்டால் சுட்டது. ஒரு காம்பைச் சுற்றிக் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. பெட்டிக்குள் நாலு காலையும் ஊன்றி நிற்க முடியாமல் வெளியே குதித்தது. மாட்டுக்கு வருகிற அதே மடிநோய்தான். அவர் போனில் முயல் வளர்ப்போர் குழு ஒன்று வைத்திருந்தார். அதில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் சொன்ன மருந்தைத் தண்ணீரில் கலந்தார், வீக்கம் வற்றியது. பத்து நாளில் பக்கத்துக் கூண்டில் வந்தது. இன்னொருவர் சொன்ன வேறு மருந்தைக் கலந்தார். அதுவும் கேட்பதுபோல் கேட்டது. பிறகு எதிர் வரிசையில் வந்தது. நான் கத்தினேன்.

"என்ன கிருமின்னு பார்க்காம மருந்தை மாத்தி மாத்தி ஊத்தாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

"நக்கோ, நக்கோ. உன் லேப் புராணத்தை இங்க ஆரம்பிக்காதே. இங்க உயிர் போவுது."

உண்மையாகவே போயிற்று. எதிர் வரிசைப் பெட்டை செத்தது. அதன் குட்டிகள் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து கீச்சிட்டன. என்ன செய்வோம்? பண்ணை வழக்கப்படி செய்தோம். மூலைக் கூண்டுக்காரி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். தாயில்லாக் குட்டிகளைத் தூக்கி அவள் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலையில் எல்லாக் குட்டிகளுக்கும் வயிறு நிறைந்து உருண்டையாக இருந்தது. அவர் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நிறையப் பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அவள் பெட்டியைத் திறந்தபோது குட்டிகளின் தோலில் சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள். அவளைத் தூக்கி மடியைத் தடவினால் ஒரு காம்புக்குக் கீழே கெட்டியாக ஒரு கட்டி. அவர் அவளைக் கூண்டில் விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரைப் போனில் கூப்பிட்டார்.

வந்தவர் சிறிய வயது டாக்டரம்மா. தெலுங்கு மட்டும்தான் பேசினார். ஷெட்டைச் சுற்றி நடந்து, கூண்டு கூண்டாகக் கையுறை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எந்தக் குட்டியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். இவர் மூலைக் கூண்டுக்காரியின் பெருமையை விலாவாரியாகச் சொன்னார், வளர்ப்புத் தாய் என்றால் இவளைப்போல் இருக்க வேண்டும் என்றார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"சார், குட்டிங்க வாயிலதான் கிருமி இருந்திருக்கும். நோய் வந்த தாய்கிட்ட குடிச்ச வாயோட இங்க வந்து குடிச்சிருக்கு" என்றார்.

நான் ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவில் கையுறை மாற்றுகிறவள். கிருமி தொட்ட ஒரே கம்பியை இரண்டு வளர்ப்புத் தட்டில் வைத்தால் புதிதாக வந்த பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பவள். குட்டியின் வாய் அதே கம்பிதான் என்று எனக்கும் தோன்றவில்லை, முயல் வளர்க்கிற அத்தனை பேருக்கும் தோன்றவில்லை. பசித்த குட்டியைப் பார்த்தால் கிருமி யாருக்கு நினைவுக்கு வரும்? மூலைக் கூண்டுக்காரியிடம் குறை என்று ஏதாவது இருந்தால் யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாததுதான்.

டாக்டரம்மா எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி, இரண்டு நாள் கழித்து வந்து சீழ் எடுத்துக் கொடுத்தார். அதை ஐஸ் போட்ட டிபன் பெட்டியில் வைத்து, கால்நடைப் பரிசோதனைக் கூடம் வரை அந்த டிராபிக்கில் இவரே வண்டியில் கொண்டுபோனார். அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, கதகதப்பில் விட்டுவிடுவார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம் விழும். அடங்காவிட்டால் வில்லையின் ஓரம் வரை கிருமி வளர்ந்து நிற்கும். வட்டம் விழுந்தால் S, விழாவிட்டால் R. தினமும் பார்க்கிற எழுத்துகள்தான். 

முடிவு அவர் போனில் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். R, R, R. அவர் தண்ணீரில் கலந்த மருந்துகள் அத்தனைக்கும் R. ஊரில் முயலுக்குக் கொடுக்கக்கூடிய மற்றவற்றுக்கும் R. கீழே போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், "இதோ, S இருக்கு!" என்று கிட்டத்தட்டக் கத்தினார். கிளிண்டமைசின். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். "அதைக் கொடுத்தா கிருமி சாகும் சார். கூடவே முயல் வயித்துல இருக்கிற நல்ல கிருமியும் சாகும். ரெண்டு மூணு நாள்ல கழிஞ்சே முயல் போயிடும். முயலுக்கு அது விஷம்." தட்டில் வட்டம் விழுந்ததா என்றுதான் அந்த எழுத்து சொல்லும். முயலின் குடலைப் பற்றி அது என்ன சொல்லும்? இன்னொன்றையும் அவர் சொன்னார். நோய் கண்ட தாய்களையும், அவற்றிடம் குடித்த குட்டிகளையும் கழித்துவிட வேண்டும். மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய வகை இது, ஷெட்டில் வைத்திருப்பது நல்லதில்லை. கழிப்பது என்றால் பண்ணையில் கொல்வது.

இவர் போனை வைத்துவிட்டு மறுபடியும் அந்த முடிவைப் பார்த்தார். S இன்னொன்று இருந்தது. லினசோலிட்.

"இது?"

"அது மனுஷங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கிறது. டாக்டரம்மா எழுதித் தர மாட்டாங்க."

"எழுதித் தர வேணாம். உங்க லேப் கீழேயே மெடிக்கல் ஷாப். நீ கேட்டா சீட்டு இல்லாமலே குடுப்பான்."

கொடுப்பார்தான். அங்கே இருப்பவரை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். "முடியாதுங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் கேக்கல. மத்ததைக் கழிச்சுடறேன், டாக்டர் சொன்ன மாதிரியே. மூலைக் கூண்டுக்காரிக்கு மட்டும். ஒரே ஒரு முயல். அவ இருந்தா மறுபடி ஆரம்பிச்சுடுவேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "அவளும் இல்லேன்னா என்னால முடியாதும்மா" என்றார்.

கல்லூரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் அங்கிருந்தே சொன்னாள்: "இச்செய்யம்மா." கொடுத்துடேன் அம்மா என்று. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். அப்பாவுக்காக அவள் பேசி நான் கேட்டதே அபூர்வம்.

எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாமலில்லை. பிரசவ அறுவைக்குப் பிறகு தையல் சீழ் பிடித்து வந்த ஒரு பெண்ணின் தட்டை நான்தான் படித்தேன். எல்லாம் R. இந்த ஒரு வில்லையைச் சுற்றித்தான் வட்டம் விழுந்தது. நானே வார்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கூண்டு கூண்டாக மருந்து கலந்து பழகிய கை, இதையும் கலக்காது என்று என்ன நிச்சயம்? இன்றைக்கு மூலைக் கூண்டுக்காரி, நாளைக்கு அவள் பெண். ஒரு நாள் இதற்கும் R வரும். அப்போது அந்த மாதிரி ஒரு பெண் வந்தால் வார்டுக்குப் போன் போட்டு எதைச் சொல்வது? இதையெல்லாம் சொன்னேன். நின்று கேட்டார்.

"ஒரு முயலுக்குக் குடுத்தா உலகம் முழுகிடுமா?" என்றார்.

"தெரியலைங்க. நான் வாங்கித் தர மாட்டேன்."

அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வைத்தால் சாப்பிட்டார், காபி வைத்தால் குடித்தார். ராத்திரி சோபாவில் போய்ப் படுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் மறுபடி அங்கேயே கிடந்துவிட்டால்? காலையில் லேப் கீழே இருக்கிற அந்தக் கடைக்காரரிடம் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் வேறு கடையில் வாங்கி வந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். அவரும் வாங்கவில்லை. நான் சொன்னதில் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். கோபத்தைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கழிப்பதாக முடிவாயிற்று. டாக்டரம்மா வெயில் ஏறுவதற்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் விடியும்போதே போய்விட்டோம். ஏன் அவ்வளவு சீக்கிரம் போனோம் என்று தெரியவில்லை, பழக்கம்தான். மூலைக் கூண்டுக்காரி பெட்டிக் கதவுக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள். பால் கொடுக்கிற நேரம்.

அவர் கதவில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் பேசினார். "திறக்கவா, வேணாமா?"

குட்டிகளும் இன்னும் கொஞ்ச நேரத்தில் போகப்போகின்றன. அந்த மடியில் யாராவது வாய் வைத்தாலே அவளுக்கு உயிர் போகும். திறக்காமலிருப்பதுதான் அவளுக்குச் செய்கிற உபகாரம். ஆனால் அவள் முன்னங்காலால் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"திறங்க" என்றேன்.

உள்ளே குதித்தாள். குட்டிகள் முட்டிய வேகத்தில் அவள் உடம்பு ஒருமுறை துடித்தது. மற்ற பெட்டைகளைப் போல வெளியே பாயவில்லை. சில நிமிடம் நின்றாள். யார் குட்டி, தன் குட்டி என்று இல்லாமல் எல்லாம் குடித்தன. அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வேலை போன அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். சரியானதைச் செய்தோம் என்ற நினைப்பு எந்த விதத்திலும் உதவவில்லை.

டாக்டரம்மா வந்து ஒவ்வொன்றாக ஊசி போட்டார். மூலைக் கூண்டுக்காரியை என் வீட்டுக்காரர்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார், வேறு யாரையும் தொட விடவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த குழியில் சுண்ணாம்பு போட்டு மூடினோம். காலியான கூண்டுகளில் ஒட்டியிருந்த முடியை நெருப்பு உமிழும் குழாயால் பொசுக்கினார். முடி பொசுங்கும் நாற்றம் வீடு வரை எங்களோடு வந்தது. நோய் தொடாத சில முயல்கள் முன் வரிசையில் மிச்சம் இருந்தன. அவர் அவற்றின் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை எனக்கு ஷிப்ட். அவர் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க ஒரு பையன் காத்திருந்தான். கச்சிபௌலியில் ஐடி வேலை, கழுத்தில் கம்பெனி அட்டை. போனில் யாரிடமோ பேசிய தமிழைக் கேட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். மாதிரி எடுக்கும் முன் எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டேன்.

"ஆன்ட்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி?"

"அட, தமிழுங்களா!" என்று சந்தோஷப்பட்டான். "சாப்பிட்டேனுங்க. தொண்டை வலின்னு ரூம்மேட் ஒரு மாத்திரை குடுத்தானுங்க. ரொம்ப ஸ்ட்ராங், எல்லாத்துக்கும் கேக்கும்ன்னான். ரெண்டு வேளை போட்டேன், கொஞ்சம் பரவால்ல, விட்டுட்டனுங்க."

"என்ன மாத்திரை?"

பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். லினசோலிட். இரண்டு குழி காலி, மற்றவற்றில் மாத்திரை அப்படியே இருந்தது.

"மிச்சம் வேணுங்களா உங்களுக்கு? எனக்கு இனி வேண்டாமுங்க" என்றான்.

நல்ல பையன். முகத்தில் கள்ளமே இல்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவனைத் திட்டியிருக்கலாம். உட்கார வைத்துப் பாடம் எடுத்திருக்கலாம்.  அவன்தான், "மேடம், உடம்புக்கு ஏதும் சரியில்லைங்களா?" என்று கேட்டுவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, என்னை உட்காரச் சொன்னான்.